பக்கத்தில் ஒரு ஆள்

அவர் எதையும் தனியாகப் படம் எடுக்கமாட்டார். மாப்பிள்ளையானாலும் சரி, மாடானாலும் சரி. "பக்கத்துல ஒரு ஆளு வேணும் தம்பி. இல்லேன்னா அது பெருசா சிறுசான்னு பாக்குறவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்பார். சொல்லிவிட்டு, கடைக்கு வெளியே சும்மா போகிற எவனையாவது கூப்பிட்டு நிறுத்திவிடுவார்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் அவருடைய ஸ்டூடியோவுக்கும் என்னுடைய வாடகை சைக்கிள் கடைக்கும் நடுவே ஒரே சுவர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு வராவிட்டாலும் கவலை நன்றாக வரும். ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனையில் மறைந்தால் போதும், சைக்கிளுக்காக ஒரு கவலை, அவனுக்காக ஒரு கவலை, அவன் போய் மோதப்போகிற ஆட்டுக்குட்டிக்காக ஒரு கவலை. "தம்பி, நீ சைக்கிளை விட்டுட்டுக் கவலையை வாடகைக்கு விடு. பஞ்சரே ஆகாது" என்று அவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்.

ஒல்லியான ஆள். படம் கழுவுகிற மருந்தில் ஊறி ஊறி நகமெல்லாம் பழுப்பாக இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால், "எல்லாரையும் ரெண்டு ரெண்டா நிக்க வெக்கிறதுக்கு ஒருத்தன் இங்கிட்டு நிக்கணும்ல" என்பார். சிரிக்கமாட்டார். நமக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

கீரமங்கலத்துப் பக்கமிருந்து ஒரு விவசாயி மாட்டுவண்டியில் ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்தார். அப்படி ஒரு பழத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பழத்தை மட்டும் படம் எடுக்கவேண்டும் என்றார் விவசாயி.

"பழம் மட்டும் இருந்தா பாக்குறவன் பலாக்கொட்டைன்னு சொல்லிருவான். வண்டியில இருக்காகளே, அவுகள வந்து பக்கத்துல உக்காரச் சொல்லுங்க."

வண்டியில் இருந்தது விவசாயியின் மனைவி. கூச்சத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பழத்தின் மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்தாள். மறுவாரம் படத்தை வாங்க வந்த மனுஷர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழம் பெருசாத்தேன் தெரியுது. ஆனா இவ எப்பங்க இம்புட்டு எளைச்சா?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றார் இவர். "ஒண்ணையொண்ணு காட்டிக் குடுத்துரும்யா. அதுக்குத்தான் ரெண்டு வேணும்கிறது."

மலேயாவுக்குப் போகிற பையன்கள் பாஸ்போர்ட் படத்துக்கு வருவார்கள். அதில் முகம் மட்டும்தான் இருக்கவேண்டும், வேறு ஒருவர் விரல் நுனிகூட விழக்கூடாது. அப்போதும் விடமாட்டார். பையனின் அம்மாவை, படத்துக்குள் வராத தூரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார். அந்தப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் பையன்களுடைய கண்ணும் தனியாக இல்லாத கண்ணாக இருக்கும்.

கடைசியாக ஒரு சொல் உண்டு. கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுப்பார், லென்ஸின் மூடியைக் கழற்றுவார். "அசையாதீங்க... அப்பிடியே இருங்க..." மூடியைத் திரும்பப் போட்டதும், "போதும்!" என்பார். உள்ளே குடும்பம் மொத்தமும் மூச்சை விடும். நாள் முழுக்க எனக்குச் சுவர் வழியாக அது கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்கும்போதெல்லாம் நானும் எதற்கோ மூச்சு விட்டுக்கொள்வேன்.

அந்தச் சொல்தான் எங்களை நிழலாத்தா பாறையில் மாட்டிவிட்டது.

கீரனூர் ரோட்டிலிருந்து மேற்கே உள்தள்ளி இருக்கிற ஒரு ஊரின் அம்பலகாரர் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். தலைக்கட்டுகளுக்கெல்லாம் பெரியவர், வெள்ளை மீசை. ஆனால் அன்றைக்கு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"எம்மக பினாங்குல இருக்கா. முழுகாம இருக்கா. தலைப்பிரசவம். எங்க ஊருப் பொண்டுக யாரா இருந்தாலும் பேறுகாலத்துக்கு முந்தி நிழலாத்தா பாறை நெழல்ல ஒரு பொழுது உக்காந்து எந்திரிக்கணும். இவ எப்பிடி வருவா, கடலு நடுவுல கெடக்கு. அதான் பாறையைப் படம் புடிச்சு அனுப்புங்க, தலமாட்டுல வெச்சுக்கிறேன்னு எழுதியிருக்கா."

இவர் உடனே ஒத்துக்கொண்டார். காமிரா ஒரு சைக்கிளில், அதை நிறுத்துகிற முக்காலி இன்னொரு சைக்கிளில். என் சைக்கிள்கள் இரண்டும் அவ்வளவு தூரம் என்னை விட்டுப் போவதை என்னால் தாங்கமுடியாது என்பதால் நானும் போனேன்.

பாறையைப் பற்றி என்ன சொல்வது. அந்தப் பக்கமெல்லாம் சமதரை. பொட்டல். ஒரு பனைமரம்கூடப் பக்கத்தில் இல்லை. அதன் நடுவில், பூமியிலிருந்து யாரோ கையை நீட்டியதுபோல ஒரே கல் எழுந்து நிற்கிறது. ஏறுவதற்குப் படியோ பிளவோ கிடையாது. அண்ணாந்து பார்த்தேன். மேகம் அதன் தலைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. பார்த்தால் மேகம் நகர்கிற மாதிரி இல்லை, கல் என் மேல் சாய்கிற மாதிரி இருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், காலில் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டார்.

அம்பலகாரர் கதையைச் சொன்னார். நிறைமாதக்காரி ஒருத்தி ஆத்தா வீட்டுக்கு நடந்துபோகிறாள். உச்சி வெயில். ஒதுங்க ஒரு மரம் இல்லை. வலி வந்துவிட்டது. முழங்கால் உயரத்துக்குக் கிடந்த ஒரு கல்லின் பக்கத்தில் விழுந்து, "நீயாவது எனக்கு நெழல் குடு" என்று கேட்டாள். கல் வளர்ந்தது. வெயில் திரும்பத் திரும்ப அதுவும் உயர்ந்து அவள் மேல் நிழலை விழவைத்துக்கொண்டே இருந்தது. பிள்ளை பிறந்தது. எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். கல்லிடம் போதும் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

"அதான் இன்னும் வருசத்துக்கு ஒரு நெல்லு அளவு வளருது" என்றார் அம்பலகாரர். "அந்த நெழல் பொம்பளைகளுக்கு ஆனது. ஆம்பளை யாரும் நெழலுக்குள்ள காலு வெக்கிறதில்ல. அந்தச் சொல்லையும் இங்க ஒருத்தரும் சொல்றதில்ல. சொன்னா அது வளர்றதை நிறுத்திப்புடும். பந்தியில சோறு வேணாம்னாக்கூட எலை மேல கையத்தேன் வைப்போம்."

அன்றைக்கு எங்களுக்குச் சோறு போட்டார்கள். போட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர் ஒழுங்காக இலை மேல் கையை விரித்து வைத்தார். நான் பயத்தில் இரண்டு கையையும் வைத்தேன். பரிமாறிய அம்பலகாரரின் தங்கை சிரித்தது. "ஒரு கையி வெச்சா கேட்டுக்குவோம்ணே. நாங்க என்ன அடிச்சா ஊட்டப்போறோம்?" பெரிய உடம்பு, பெரிய குரல் அந்த அம்மாவுக்கு.

சாயங்காலம் இவர் காமிராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் பின்னால் போனார். முழுக் கல்லும் கண்ணாடிக்குள் அடங்குவதற்கு வெகுதூரம் போகவேண்டியிருந்தது. பிறகு வழக்கம்போலக் கேட்டார்: "பக்கத்துல ஒரு ஆளு வேணுமே."

ஆண்பிள்ளைகள் போகக்கூடாது. பெண்பிள்ளைகளோ படம் என்றதும் முந்தானைக்குள் ஒளிந்தார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும், வயிற்றில் இருக்கிறதற்கும் குறையும். "வேணும்னா எங்கண்ணன் மீசையக் கொண்டுபோயி நிறுத்துங்க" என்றது அந்த அம்மா. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவர் ஆள் இல்லாமல் ஒரு படம் எடுத்தார். மூடியைக் கழற்றினார். கல்லைப் பார்த்து, "அசையாதீங்க" என்றுகூடச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். மூடியைப் போட்டார்.

"போதும்!"

வாயிலிருந்து அது தானாக வந்தது. எத்தனை வருஷப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. ஒருவரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அம்பலகாரரின் தங்கை மட்டும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, கல் இருந்த பக்கம் திரும்பி நின்றது.

நாலைந்து நாள் கழித்து அம்பலகாரர் வந்தார். முந்தின நாள் வாங்கிப்போன படத்தை மேஜைமேல் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். தரை, வானம், நடுவில் ஒரு கல். ஆற்றில் பொறுக்கி எடுத்த கூழாங்கல் மாதிரி. இரண்டு விரலால் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது.

"நீங்க சொன்ன சொல்லுக்கு ஆத்தா சுருங்கிப்புட்டா" என்றார். கோபமில்லை. அழுகிற குரல். "இந்தக் கூழாங்கல்லு எம்மகளுக்கு எங்கேருந்துங்க நெழல் குடுக்கும்?"

இவர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஆளு இல்லாம எடுத்தேன். அதான் அய்யா. கல்லு சுருங்கல."

"போயி அங்க பாத்தா அம்புட்டு ஒசரந்தேன். இல்லேங்கல. ஆனா படத்துல சுருங்கிருச்சே. எம்மகளுக்குப் போகப்போறது படந்தான?"

இரண்டு காரணமும் எனக்கு உண்மையாகப் பட்டது. பயந்தவனுக்கு எந்தக் காரணத்தையும் தள்ளிவிட மனசு வராது.

அவர் போன பிறகு போட்டோக்காரர் அன்றைக்கு வந்த ஒரு கல்யாண கோஷ்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் உள்ளே போய் என் மனைவி செல்லம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் குடித்தனம் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான். அவளும் அப்போது முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. மூன்றாவது இது. அதனால் நான் அவளைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடவில்லை, பஸ் ஏறவிடவில்லை, இடி இடித்தால் ஜன்னல் பக்கம் நிற்கவிடவில்லை.

கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நான் போயி நிக்கிறேன்."

"ஒனக்குக் கிறுக்கா?"

"எனக்கும் அந்த நெழலு வேணும். நீங்கதான் வண்டி குலுங்கும், வெயிலு அடிக்கும்னு ஒரு எடத்துக்கும் விடமாட்டேங்கிறீகளே."

"படம் எடுத்தா ஆயுசு குறையும்கிறாங்க."

"எடுக்காததுக ரெண்டும் எங்க இருக்குதுக?"

அவள் எழுந்து பக்கத்து ஸ்டூடியோவுக்கே போய்விட்டாள். அங்கே நடந்ததுதான் ஆச்சரியம். தெருவில் போகிற எவனையும் பிடித்து நிறுத்துகிற மனுஷர் அன்றைக்கு மாட்டேன் என்றார். "வேணாம் தங்கச்சி. என் வாயை என்னாலயே நம்பமுடியல. அது பாட்டுக்கு வந்துருது. நீ நிக்கிறப்ப வந்துருச்சுன்னா?"

"பலாப்பழத்துக்கு ஆளு கேட்டீங்க. ஆத்தா மாதிரி இருக்கிற கல்லுக்குக் கேக்கமாட்டீங்களாண்ணே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பழுப்பு நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் என்னைப் பார்த்து, "வண்டியில வைக்கல் நல்லா மெத்தையாப் போடு தம்பி" என்றார்.

வழி முழுக்க அவர் வண்டியில் ஏறவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் நடந்தே வந்தார், பள்ளம் வரும்போதெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு. ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைப் பழக்குகிறார் என்று எனக்குப் புரிந்தது. வண்டிக்காரன்தான், "அண்ணனுக்குப் பல்வலியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

ஊரே கூடியிருந்தது. நிழல் கிழக்கே ஆறு மாதிரி நீண்டு கிடந்தது. நாங்கள் தெற்கே தள்ளி நின்றோம். அம்பலகாரரின் தங்கை செல்லம்மாளின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கல்லின் காலடியில், நிழல் தொடங்குகிற இடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தது. நான் நிழலின் ஓரம் வரைக்கும் போனேன். அதற்குமேல் போகக்கூடாது. அங்கே நின்றபோது உள்ளேயிருந்து குளிர்ச்சி வந்து முழங்காலில் பட்டது.

"இங்கிட்டு வா" என்று சைகை காட்டினார் இவர். "நீ ஒரு தடவை பாரு. ஒன் வீட்டுக்காரி."

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். யாரும் எனக்குச் சொல்லிவைக்கவில்லை, அந்தக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்று. வானம் கீழே கிடந்தது. பூமி மேலே இருந்தது. அந்தக் கல் பூமியிலிருந்து வானத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கல், ஒரு பிடிப்பும் இல்லாமல். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு எள். அது செல்லம்மாள். எந்த நிமிஷமும் கை நழுவி வானத்துக்குள் விழுந்துவிடுவாள்போல இருந்தது. ஆனால் விழவில்லை. இரண்டும் விழவில்லை. யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பயந்திருக்கிறேன். ஆனால் இந்தப் பயம் இன்னும் கொஞ்சநேரம் இருக்கக்கூடாதா என்று நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

தலையை வெளியே எடுத்தேன். அவர் மூடியைக் கழற்றினார். "அசையாதீங்க" என்றுகூடச் சொல்லவில்லை. ஊர் முழுக்க அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. நான் பார்த்தேன், அசைந்தது. அம்பலகாரர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் இவர் மூடியைக் கீழே போட்டுவிட்டுத் தன் உள்ளங்கையை விரித்து லென்ஸின் மேல் வைத்தார். இலை மேல் வைப்பதுபோல.

பின்னால் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். அந்தச் சத்தம் கல்லில் போய் மோதித் திரும்பி வந்தது.

செல்லம்மாள் மட்டும் அசையவில்லை. படம் எடுத்து முடித்தது அவளுக்குத் தெரியாது. சொல்லவும் எங்களுக்குச் சொல் இல்லை. "வா" என்று கத்தினேன், குலவையில் கேட்கவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். அம்பலகாரரின் தங்கைதான் ஓடிப்போய்க் கூட்டிவந்தது.

"காலு வலிக்கலையா? முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு" என்று பதறினேன்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே. நெழலு நல்லா இருந்துச்சு, நின்னேன்" என்றாள்.

படம் வந்த அன்று அம்பலகாரர் அதை மேஜையிலிருந்து கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். கல் படத்தின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடியில் அந்த எள். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகுதான் இரண்டு கையாலும் வாங்கினார்.

அது கப்பல் ஏறிப் போனது. பினாங்கில் ஆண்பிள்ளை, இருவரும் சுகம் என்று சேதி வந்தபோது, அம்பலகாரர் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்து இரண்டு கடைக்கும் நடுவில் இறக்கினார். எங்களுக்குத் தையில் பெண் பிறந்தது. காப்பாற்றியது கல்லா, பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாவா, எனக்குத் தெரியாது. இரண்டு பேரையும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்தப் படத்தில் ஒரு பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, "இதுல நான் எங்க?" என்று கேட்டு அந்த எள்ளின் மேல் விரலை வைத்து வைத்து, அந்த இடம் கொஞ்சம் தேய்ந்தே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் ஸ்டூடியோவிலும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. உள்ளங்கையை லென்ஸின் மேல் வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். வந்தவர்களுக்குத் தெரியாது. விறைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார்கள். "எடுத்தாச்சாங்க?" என்று யாராவது மெதுவாகக் கேட்பார்கள். தலையை ஆட்டுவார். சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சு விடுவதற்கு எனக்கு நாள் முழுக்க ஒரு சத்தமும் கிடைக்காது. கொஞ்சநாள் அது ஒரு தனிக் கவலையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அறுபதுகளில் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. கடையை மூடிவிட்டுத் தேவகோட்டையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார். கிளம்புகிற அன்று காமிராவை மட்டும் இன்னும் கட்டவில்லை. நான் சொன்னேன்: "அண்ணே, நீங்க உக்காருங்க. நான் எடுக்கிறேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"இத்தனை வருசமாச் சுவத்து வழியாக் கேட்டிருக்கேன்ல."

போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த இடத்தைப் பார்த்தார். அவர் கேட்கிறவரை நான் காத்திருக்கவில்லை. என் மகளைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் காலை ஆட்டிக்கொண்டு, அவருடைய பழுப்பு விரலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். துணிக்குள் தலையை விட்டேன். இருவரும் தலைகீழாக இருந்தார்கள். அவர் அவ்வளவு பெரிய ஆள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூடியைக் கழற்றினேன். மனதுக்குள் எண்ணினேன். உள்ளங்கையை விரித்து வைத்தேன்.

படம் முடிந்துவிட்டது என்பது அந்த அறையில் வேறு யாரைவிடவும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. நான் கையை எடுக்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை.